வெள்ளைக்குப் பழகிய கண்

நத்தம் பக்கத்துப் பழைய வீடுகளில் கண்ணாடி அலமாரி ஒன்று கட்டாயம் இருக்கும். பித்தளைக் குதிரை, பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பை, சிங்கப்பூரில் இருந்து யாரோ கொண்டுவந்த பொம்மை, இவற்றுக்கு நடுவே கையகலத்தில் ஒரு வெள்ளைக் கல், கிளை கிளையாக. ராமேஸ்வரம் போய் வந்த குடும்பம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சங்கும் சோழி மாலையும் வாங்கிய கடையிலேயே அதையும் பேரம் பேசி வாங்கியிருப்பார்கள்.

அந்தக் கல் உயிரோடு இருந்தபோது வெள்ளையாக இல்லை. தவிட்டு நிறமாகவோ பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்திருக்கும். கடலில் இருந்து பெயர்த்தெடுத்து, மேல்தோல் அழுகி உதிரும்வரை போட்டுவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அலசிக் காயவைத்தால்தான் அந்த வெள்ளை கிடைக்கும். பவளம் என்று நாம் இத்தனை காலம் அலமாரியில் வைத்துப் பார்த்தது அதன் எலும்பை.

நான் நத்தத்தில் வண்ணமீன் கடை வைத்திருப்பவன். கப்பியும் மோலியும் தங்கமீனும்தான் பிழைப்பு. சென்னை கொளத்தூரில் இருந்து ஆக்சிஜன் பை, தெர்மாகோல் பெட்டி, ஆம்னி பஸ் என்று சரக்கு வரும். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் இந்த வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அவர்களுக்கு உப்பு, விளக்கு, மோட்டார் கொடுப்பதும், ஏதாவது கெட்டுப்போனால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. இறக்குமதிச் சீட்டோடு வரும் மென்பவளம் மட்டும் கொடுப்பேன்: காளான் பவளம், தோல் பவளம் மாதிரி. கல் கட்டும் பவளம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். காரணம் பின்னால் வருகிறது.

ஒரு சித்திரை மாதம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணே, பவளம் வெளுத்துப்போச்சுண்ணே. ஆனா பாக்க நல்லாத்தான் இருக்கு, எங்க ஆத்தா வீட்டு அலமாரியில இருக்குற மாதிரி. அப்படியே விட்ரலாமா?"

"தண்ணிச் சூடு எவ்வளவுன்னு பாத்தியாப்பா?"

"தெர்மாமீட்டரு இல்லண்ணே."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெள்ளை என்பது பவளத்துக்கு ஆபத்து நிறம் என்று நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ்க் கடற்கரையில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பவளம் வெள்ளையாகத்தான் கரையேறி வந்திருக்கிறது. கல்லாக, சுண்ணாம்பாக, அலங்காரப் பொருளாக. அந்தச் சரித்திரம் தெரிந்தால்தான் தொட்டியில் நிறம் போவதைக் கண் சரியாகப் பார்க்கும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் நிறம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நகைக்கடைச் சிவப்புப் பவளம் வேறு ஜாதி. அது மத்தியதரைக் கடல் சரக்கு. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய பண்டங்களில் பவளமும் ஒன்று என்று பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூல் சொல்கிறது, ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முந்தைய கதை. அதற்குச் சிவப்பு எலும்பிலேயே ஊறியிருக்கும். அதனால்தான் பாட்டியின் பவள மாலை பேத்தி கழுத்திலும் சிவப்பாகவே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பாறைப் பவளத்துக்கு எலும்பு வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. நிறமெல்லாம் மேலே படர்ந்த மெல்லிய சதையில். அந்தச் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வாரத்துக்கு விட்ட நிலம் போன்ற ஏற்பாடு அது: இடமும் உரமும் பவளத்தினுடையது, வெயிலில் விளைவிப்பது பாசி, விளைச்சலில் பெரும்பங்கு பவளத்துக்கு. தவிட்டு நிறம் பாசி தருவது. பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு எல்லாம் பவளம் தானே செய்துகொள்ளும் நிறமிப் புரதம். நிறம் போச்சு என்று யார் வந்தாலும், இதில் எது போச்சு என்பதுதான் என் முதல் கேள்வி.

இப்போது கல்லுக்கு வருகிறேன். என் அம்மாவின் அப்பா சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்தவர். நம் பக்கத்துக் காளவாசலுக்குச் சுக்கான்கல் போதும், செம்மண்ணுக்கடியில் கிடைக்கும். கடற்கரைக்காரர்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை, வாசலிலேயே பார், அதாவது பவளப்பாறை, இருந்தது. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு கூரை இல்லாமல் நிற்கும் தேவாலயத்தின் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு பவளப்பூச்சி உட்கார்ந்திருந்த இடம். வீட்டுச் சுவர், கிணற்று வளையம், கடைசியில் சூளை. அப்படித்தான் அந்தக் கல் பயன்பட்டது.

வள்ளத்தில் போய், ஆழமில்லாத இடத்தில் இறங்கி, கடப்பாரையால் பெயர்த்து ஏற்றிக்கொண்டு வருவார்கள். சுண்ணாம்புக்கும், சாலைக்கும், பிறகு கார்பைடு போன்ற ரசாயனத் தொழிலுக்கும் அது மூலப்பொருள். தூத்துக்குடியை ஒட்டிய தீவுகளில் அள்ளியதுதான் அதிகம். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்கு சுமார் 60,000 கன மீட்டர், எடையில் ஏறத்தாழ 25,000 டன் என்பது 1970களின் தொடக்கத்தில் வந்து, பிறகு எல்லா ஆய்வுக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் மதிப்பீடு. அள்ளியவர்களைத் திட்டி நான் எழுதப்போவதில்லை. கூலிக்குப் போனவர்கள். மீன் படாத நாளில் கல் சோறு போட்டது. வாங்கிச் சுவரில் பூசிக்கொண்டது ஊருக்குள் இருந்த நாம்.

எனக்கு மிகவும் பிடித்த, நம் ஊர்க்காரர்கள் அதிகம் பேசாத ஒரு சங்கதி இதற்கு நடுவில் இருக்கிறது. உலகத்தின் முதல் பன்னாட்டுப் பவளப்பாறைக் கருத்தரங்கு ஆஸ்திரேலியாவிலோ அமெரிக்காவிலோ நடக்கவில்லை. 1969 ஜனவரியில் நம் மண்டபம் முகாமில் நடந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் கூலியாட்களை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்த முகாம் அது. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கே இடம் பிடித்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் அந்தக் கூட்டத்தை நடத்தியது. இன்றைக்கும் பன்னாட்டுப் பவளக் கருத்தரங்குகளின் வரிசை எண் மண்டபத்தை ஒன்று என்று வைத்துத்தான் தொடங்குகிறது. சி. எஸ். கோபிநாத பிள்ளை இந்தக் கடலின் பவளங்களை இனம் இனமாகப் பிரித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த காலம். அதே கருத்தரங்கின் தொகுப்பில் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மன்னார், பாக் பகுதிப் பார்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதோடு, அவற்றை எப்படி வெட்டியெடுத்து எதெதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அதன் பொருள். உலக விஞ்ஞானிகள் கூடிப் பவளத்தைப் பற்றிப் பேசிய காலத்திலேயே, அதே கடலில் கடப்பாரையும் வேலை செய்துகொண்டிருந்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1986இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம். கல் எடுப்பது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 2001 ஜூலையில் கல் கட்டும் பவளங்கள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. ராமேஸ்வரம் கடைகளில் இருந்து வெள்ளைக் கல் மறைந்தது அதன் பிறகுதான். என் கடையில் அந்த வகைப் பவளம் இல்லாததற்கும் அதுதான் காரணம். கல் எடுப்பு உண்மையில் ஓய்ந்தது 2004 சுனாமிக்குப் பிறகு. தீவும் பாரும் அலையை மறித்ததைக் கரையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயிருந்தன. சுற்றியிருந்த பாரை வெட்டினால் மணல் எப்படி நிற்கும்? தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முக்குளித்துக் கணக்கெடுத்தபோது, 110 சதுர கிலோமீட்டர் பாரில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே அழிந்துபோயிருந்தது.

பவளத்தை வீட்டில் வளர்க்கும் பழக்கத்தின் கதை வேறு திசையில் போகிறது. கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டுவதில் சென்னைதான் இந்தியாவுக்கு முன்னோடி. அருங்காட்சியகத்துக்குத் தலைமை வகித்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் 1909இல் மெரினாவில் மீன்காட்சிச்சாலை திறந்தார்கள். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் கடல் உயிர்களையும் பற்றி முன்பே எழுதியவர் அவர். இரண்டாம் உலகப்போரின்போது அதை மூடினார்கள், அதோடு சரி. கடல் எதிரிலேயே இருந்ததால் அவர்களுக்குத் தண்ணீர்க் கவலை இல்லை. கடலே இல்லாத ஊரில் பவளம் வளர்ப்பது பிற்காலத்து வித்தை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலில் இருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத்தொட்டி நடத்தும் முறையை 1961இல் எழுதினார். 1970களில் ஜெர்மன் மொழிக்காரர்களிடம் பீட்டர் வில்கென்ஸ் ஒரு வழி சொன்னார்: பவளம் எலும்பு கட்டத் தண்ணீரில் கால்சியம் குறைந்துகொண்டே வரும், அதற்குச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

தாத்தா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நம் கடற்கரையில் பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், ஜெர்மன் மொழிக்காரர்கள் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் பவளம் வளர்த்தார்கள். முறை எளிதுதான். நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம்கூட முழுதாகக் கரையாது. தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் இரவில் சொட்டவிட வேண்டும்; இரவில்தான் தொட்டியின் பி.எச். அளவு இறங்கும். ஒரே மூச்சில் ஊற்றினால் மீன் மிதக்கும். வெற்றிலைக்கடைச் சுண்ணாம்பை ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அது தின்பதற்குச் செய்தது. அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

வெளிறுதலுக்கு வருவோம். சூடு தாங்காமல் பவளம் தன் பாசியை வெளியே தள்ளுகிறது என்பதை 1928-29இல் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறைக்குப் போன சி. எம். யோங் குழுவினர் பார்த்து எழுதிவைத்தார்கள். அரை நூற்றாண்டு அது புத்தகத்திலேயே கிடந்தது. 1980களில் எல்நினோ வந்து பசிபிக் கடல் வெளுத்தபோதுதான் தூசு தட்டி எடுத்தார்கள். நமக்கு 1998. மன்னார் வளைகுடாவில் அந்தக் கோடையில் ஆய்வாளர் ரோஹன் ஆர்தர் பார்த்த பவளப் பரப்பில் 89 விழுக்காடு வெளுத்திருந்தது, லட்சத்தீவில் 82. 2002 கோடையில் மறுபடியும், பாக் நீரிணையில். அதைப் பதிவு செய்தவர்கள் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஏ. கே. குமரகுருவும் அவர் குழுவும். தூத்துக்குடி நிலையத்தின் கணக்கில் உயிருள்ள பவளத்தின் பரப்பு 2005இல் சுமார் 37 விழுக்காடு. கல் எடுப்பு நின்றதால் 2009இல் 43க்கு ஏறியது. 2010 வெளிறலில் 33க்கு இறங்கி, 2015இல் 39க்குத் தேறி, 2016க்குப் பிறகு 23க்கு விழுந்தது. கடப்பாரை நின்ற பிறகு ஏறியதை எல்லாம் சூடு வாங்கிக்கொண்டு போய்விட்டது.

இதில் தொட்டிக்காரன் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. மன்னாரில் சித்திரை, வைகாசியில் கடல் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் வெளிறல் தொடங்குகிறது. ஆனி, ஆடியில் காற்று வீசித் தண்ணீர் கலங்கி ஆறியதும் பல பவளங்கள் நிறம் திரும்புகின்றன. வெளுத்தது எல்லாம் செத்ததல்ல. பாசி போன பவளம் பட்டினியில் கிடக்கிறது, அவ்வளவுதான். சூடு எத்தனை வாரம் நீடிக்கிறது என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அந்தத் தம்பியின் வீட்டுக்கு நான் போனபோது தொட்டித் தண்ணீர் 32 பாகை காட்டியது. மேல்மாடி, மேற்குப் பார்த்த அறை, மேலே புது எல்.இ.டி. விளக்கு முழு வெளிச்சத்தில். டார்ச்சை அடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். தோல் பவளத்தின் சதை கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தாலும் தொட்டால் சுருங்கியது. உயிர் இருந்தது.

எல்லா நிறமிழப்பும் சூட்டால் வருவது இல்லை. பவளம் தவிட்டு நிறமாகிப் பச்சையும் ஊதாவும் அமுங்கிப்போனால் அது நேர் எதிரான நோய். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிப் பாசி கொழுத்துவிட்டது, அல்லது விளக்கு மங்கி, குறைந்த வெளிச்சத்துக்குப் பாசி பெருகிவிட்டது. மீனுக்குக் கைநிறையத் தீனி போடும் வீடுகளில் இதைத்தான் பார்ப்பேன். இன்னொரு வகை, சுத்தக்காரர்களுக்கு வருவது. வடிகட்டி மேல் வடிகட்டி வைத்து, பாஸ்பேட்டைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, "அண்ணே, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, அப்பறமும் வெளுக்குதே" என்பார்கள். பாஸ்பேட் அறவே இல்லாமல் நைட்ரேட் மட்டும் இருந்தால் பவளம் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்கும் சக்தியை இழக்கிறது என்று சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழு 2013இல் காட்டியது. அதே ஆய்வுக்கூடம் 2020இல் இன்னொன்றும் சொன்னது. சில பவளங்கள் வெளுக்கும்போது வெள்ளையாகாமல் கண்ணைப் பறிக்கும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒளிர்கின்றன. பாசி போனதும் வெள்ளை எலும்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சதைக்குள் அதிகமாகிறது. அதைச் சமாளிக்கப் பவளம் நிறமியைக் கூட்டுகிறது. தொட்டியில் இப்படி ஆனால் ஆள் மகிழ்ந்துபோய் போட்டோ எடுத்து அனுப்புவார். நான் வெப்பமானியைப் பார்க்கச் சொல்வேன்.

நிறம் கூட்டும் மருந்து என்று புட்டியில் விற்கிறார்கள். கேட்டால் வரவழைத்துத் தருவேன், வியாபாரம் அல்லவா; ஆனால் வெப்பம், உப்பு, காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் ஐந்தையும் எழுதிக் கொண்டுவராதவருக்குத் தர மாட்டேன். எழுதிக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புட்டி தேவைப்படுவதில்லை. நத்தத்து ஆழ்குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றுவது இன்னொரு வழக்கம். பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும் தண்ணீரில் கால்சியம் இருக்கிறதே, பவளத்துக்கு நல்லதுதானே என்பார்கள். கூடவே வயல் உரத்தின் நைட்ரேட்டும் வரலாம் என்பதை யோசிப்பதில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றுவதுதான் நல்லது.

அந்தத் தம்பிக்குச் செய்தது கடல் தானே செய்துகொள்வதைத்தான். விளக்கை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம்; சூடும் வெளிச்சமும் சேர்ந்தால்தான் பாசி நஞ்சாகிறது, இரண்டில் ஒன்றை உடனே இறக்கியாக வேண்டும். தண்ணீர் மேற்பரப்பில் படும்படி மேஜை மின்விசிறி ஒன்று. ராமேஸ்வரத்து ஈரக்காற்றில் இது எடுபடாது. நம் ஊர் வறண்ட கோடையில் நீர் வேகமாக ஆவியாகித் தொட்டி இரண்டு, மூன்று பாகை இறங்கும். ஆவியானதற்கு ஈடாக உப்பில்லாத தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு தொட்டியிலேயேதான் இருக்கிறது. பட்டினியில் கிடக்கும் பவளத்துக்கு, விளக்கு அணைந்த பிறகு பொடித்த இறால் துளி. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும்.

மே மாதத்தில் கரண்ட் போனால் யு.பி.எஸ்.சில் எதை மாட்டுவது என்று கேட்டார். முதலில் நீரோட்ட மோட்டார், பிறகு மின்விசிறி. விளக்கை மாட்டவே வேண்டாம் என்றேன். ஆடி பிறந்தபோது தோல் பவளத்தின் ஓரத்தில் தவிட்டு நிறம் ஏற ஆரம்பித்திருந்தது. அவருடைய ஆத்தாவுக்குத்தான் ஏமாற்றம். "வெள்ளையா இருந்தப்பவே லட்சணமா இருந்துச்சு" என்றாராம்.